கற்றிட்டைக்குத் தமிழில் பெயரில்லையா?

டென்மார்க்கின் வயல்வெளிகளில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஈமச்சின்னங்கள் இன்றும் நிற்கின்றன. நிறுத்திய பாறைகளின் மேல் ஒரு பெரும்பாறையை மூடியாக ஏற்றிய அமைப்பை டெனிஷ் மொழி 'டுஸ்ஸ' என்கின்றது. மண்மேட்டினுள் நுழைவழியும் கல்லறையும் கொண்டதை 'யெட்டஸ்டூ', அதாவது அரக்கர் அறை, என்கின்றது. பாடசாலைச் சுற்றுலாவில் இவற்றைக் கண்டு வரும் தமிழ்ப்பிள்ளை, "இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டால், பெற்றோர் பலரிடம் கிடைக்கும் விடை 'டொல்மன்' அல்லது 'பழைய கல்லறை' என்பதே. தமிழில் இதற்குச் சொல் இல்லை என்றே அப்பிள்ளை முடிவு செய்யும்.

அம்முடிவு பிழையானது. நிலத்தின் மேல் பலகைக்கற்களால் எழுப்பியது கற்றிட்டை. நிலத்தினுள் அமைத்தது கற்பதுக்கை. சுற்றி அடுக்கியது கல்வட்டம். தனித்து நிறுத்தியது நெடுங்கல். இறந்தோரை இட்டுப் புதைத்த பெருமண்கலம் தாழி. பதுக்கையும் தாழியும் நடுகல்லும் புறநானூற்றில் வரும் சொற்கள். இறந்தோரை அடக்கும் ஐந்து முறைகளை மணிமேகலை பிரித்துச் சொல்கின்றது. டெனிஷ் உழவர் அரக்கரை நினைத்தது போலவே, தமிழகத்து ஊர்மக்களும் இவற்றைப் பாண்டவர் குழி, வாலியர் வீடு என்றனர். 1980இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் அகழப்பட்டதும் இம்மரபைச் சேர்ந்த ஈமக்களமே.

'டொல்மன்' ஆங்கிலச் சொல்லும் அன்று. பிரெத்தோன் மொழியிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஆக்கிக்கொண்டது. டெனிஷ் மொழி அதனை நாடிப் போகவில்லை. உழவர் நாவில் இருந்த சொல்லே அருங்காட்சியகப் பலகையிலும் உள்ளது. ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்களின் மொழிக்கு உள்ள இத்துணிவு, ஏழு கோடிக்கு மேற்பட்டோரின் மொழிக்கு ஏன் இல்லை?

இன்னொரு நோயும் உண்டு. 'டுஸ்ஸ', 'திட்டை' என்னும் இரு சொற்களின் ஒலியை வைத்து, டெனிஷ் சொல் தமிழிலிருந்தே பிறந்தது என்று முழங்கச் சிலருக்கு ஆசை எழும். 'டுஸ்ஸ' கற்குவியலைக் குறிக்கும் பழைய நோர்டிக் சொல்லின் வழிவந்தது. டென்மார்க்கின் சின்னங்கள் புதிய கற்காலத்தவை. தமிழகத்தவை பெரும்பாலும் இரும்புக்காலத்தவை. ஒலியொற்றுமை சான்றாகாது. பிறர் சொல்லுக்கு உரிமை கோருவோர் சொந்தச் சொல்லை வீட்டில் வழங்காதிருப்பதே வெட்கக்கேடு.

வழங்கினால் என்ன பயன்? யெலிங் நகரில் இரு பெருமேடுகளும் தேவாலயமும் எழுத்துக்கற்களும் ஒன்றாய் நிற்கின்றன. பத்தாம் நூற்றாண்டில் அரசன் ஹரால்ட் தன் தந்தை கோர்முக்கும் தாய் தூராவுக்கும் அங்கு நினைவுக்கல் எழுப்பினான். இளையோரின் கைப்பேசியில் உள்ள புளூடூத் அவன் பட்டப்பெயரே. சற்றுப் பிந்தி, இராசராச சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் கோயில் எடுத்தான். மறைந்த அரசருக்கு எடுத்த அத்தகைய கோயிலுக்குத் தமிழர் இட்ட பெயர் பள்ளிப்படை. இச்சொல்லை அறிந்த பிள்ளை யெலிங்கில் அந்நியனாய் நிற்காது. ஒப்பிட்டுப் பார்க்கும், வேறுபாட்டையும் காணும்.

டென்மார்க் 1937இல் சட்டமியற்றித் தன் தொல்சின்னங்களைக் காத்தது. சொல்லைக் காக்க அத்தகைய சட்டம் வராது. அடுத்த முறை பிள்ளை கேட்கும்போது பெற்றோர் 'கற்றிட்டை' என்று சொல்லட்டும். இளையோர் தம் டெனிஷ் வகுப்பறையிலும் அச்சொல்லை எழுதிக் காட்டட்டும்.