தொழிற்சாலைப் பயிற்சிக்குச் சம்பளம் கொடுங்கள்

அமெரிக்காவில் கம்யூனிட்டி கல்லூரி என்பது எளிய குடும்பத்துப் பிள்ளைகளின் கல்லூரி. கட்டணம் குறைவு, இரண்டாண்டில் பட்டம், வீட்டிலிருந்தே போய்வரலாம். அங்கே படிப்பவர்களில் பலர் கடையிலோ கிடங்கிலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள். பிள்ளை வளர்த்துக்கொண்டே படிப்பவர்களும் உண்டு. இவர்களிடம் சில மாதங்கள் சம்பளமில்லாமல் ஆலையில் பயிற்சி எடுக்கச் சொன்னால், இருக்கிற வருமானத்தையும் விட்டுவிடச் சொல்வதாகவே ஆகும். வீட்டு வாடகை கட்ட வேண்டியவரால் அது முடியாது. திறமை இருந்தும் அவர் விலகிக்கொள்வார். வீட்டில் வசதி உள்ளவர் அந்த இடத்துக்கு வருவார். உற்பத்தித் துறைப் பயிற்சிக்குச் சம்பளம் கட்டாயம் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சம்பளம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை கென்டக்கி மாநிலம் காட்டியிருக்கிறது. ஜார்ஜ்டவுன் நகரில் டொயோட்டா கார் ஆலையும் புளூகிராஸ் கம்யூனிட்டி கல்லூரியும் சேர்ந்து 2010-இல் தொடங்கிய திட்டம் ‘ஃபேம்’. வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, மூன்று நாள் ஆலையில் சம்பளத்துடன் வேலை. ஐந்து பருவங்களில் படிப்பு முடிந்துவிடும். இத்திட்டத்தைப் பற்றி புரூக்கிங்ஸ் நிறுவனமும் ஆப்பர்ச்சூனிட்டி அமெரிக்கா அமைப்பும் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் படிப்பை முடித்தார்கள் என்றும், மற்ற தொழிற்கல்வி மாணவர்களைவிட வெகுவாகக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்றும் அது கண்டது. பாதியில் நின்றுவிடும் மாணவர்களே பெருங்கவலையாக இருக்கும் கம்யூனிட்டி கல்லூரிகளுக்கு இது சாதாரண வெற்றி இல்லை.

சம்பளம் நிறுவனத்தையும் மாற்றுகிறது. ஃபேம் மாணவர்கள் கற்பது இயந்திரப் பராமரிப்பு. ஓடிக்கொண்டிருந்த கன்வேயர் திடீரென நின்றுவிட்டால், கோளாறு சென்சாரிலா, காற்றுக் கசியும் சிலிண்டரிலா, இயந்திரத்தை இயக்கும் பி.எல்.சி. கட்டுப்பாட்டுக் கருவியின் புரோகிராமிலா என்று சில நிமிடங்களில் கண்டுபிடித்தாக வேண்டும். இதை வகுப்பறைக் கரும்பலகையில் கற்க முடியாது. அனுபவமுள்ள டெக்னீஷியன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இலவசமாக வந்த பையனைக் கூட்டிப் பெருக்க அனுப்பினாலும் நிறுவனத்துக்கு நட்டமில்லை. மணிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து எடுத்தவருக்கு வேலை கற்றுக்கொடுக்காவிட்டால் அந்தச் செலவு வீண்.

மறுப்புகளும் உண்டு. ஃபேம் மாணவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள், அதனால்தான் இந்த வெற்றி என்பது ஒன்று. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது; முழுப் பெருமையும் திட்டத்துக்குச் சேராது. ஆனால் சம்பளம் இல்லாதிருந்தால் அவர்களில் பலர் அந்தத் தேர்வுக்கே வந்திருக்க மாட்டார்கள். சிறு நிறுவனங்களால் தாங்க முடியாது என்பது இன்னொன்று. ஒரு வட்டாரத்தின் பல நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, ஆளுக்குச் சில மாணவர்களை எடுத்துக்கொள்ள, பாடத்தைக் கல்லூரி பொதுவாக நடத்துவதுதான் ஃபேமின் அமைப்பு. குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் வழியாக இது மாறிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து, பட்டத்தைக் கல்லூரியே தருவதும், அந்தத் திறமை எந்த ஆலையிலும் செல்லுபடியாவதும்தான்.

நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் பயிற்சியாளருக்கு உதவித்தொகையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் டிப்ளமோ மாணவருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் படிப்பு முடிந்த பிறகே வருகிறது. படிக்கும்போதே ஆலைக்கு அனுப்பும் சாண்ட்விச் படிப்பு தமிழகத்தின் சில பாலிடெக்னிக்குகளில் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஓசூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் போன்ற தொழில் வட்டாரங்களில் அதைப் பரவலாக்க வேண்டும். பயிற்சிக் காலம் முழுவதற்கும் மாணவருக்கு முறையான சம்பளம் தர ஒப்புக்கொள்ளும் நிறுவனங்களோடு மட்டுமே கல்லூரிகள் ஒப்பந்தம் போட வேண்டும்.