கணக்கு வராதவர்களுக்கு ஒரு பாடம்

‘‘கணக்கு வரலையா? பேசாம எகனாமிக்ஸ் எடுத்துடு!’’

இந்த அறிவுரையைக் கேட்காத தமிழ்க் குடும்பம் உண்டா? நான் பி.காம். சேர்ந்த வருடம், அந்த சீட் கிடைக்காத என் நண்பன் பி.ஏ. பொருளாதாரத்தில் சேர்ந்தான். முடித்ததும் வேலை கிடைக்கவில்லை, எம்.ஏ. சேர்ந்தான். அவன் பொருளாதாரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை சார். மற்ற கதவெல்லாம் சாத்தியிருந்தது. இது திறந்திருந்தது. உள்ளே போய்விட்டான்.

அதெல்லாம் அந்தக் காலம் என்றுதான் நினைத்திருந்தேன், எதிர்வீட்டுப் பெண் ஒரு கேள்வித்தாளோடு வந்து நிற்கும்வரை.

அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம், முதல் வகுப்பு. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா, மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி இட்லிக் கடை நடத்துகிறார். பெண்ணுக்கு மேற்படிப்பை நல்ல இடத்தில் படிக்க ஆசை. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பொருளாதார முதுநிலைப் படிப்பு இருக்கிறது, படிப்பவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய நுழைவுத்தேர்வுத் தாளைத் தேடிப் பிடித்துவிட்டாள்.

‘‘சார், இது எகனாமிக்ஸ் பேப்பர்தானா? ஒரே மேத்ஸா இருக்கே?’’

வாங்கிப் பார்த்தேன். நுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு. என் பி.காம். மூளையும் வியர்த்தது. அவளோ பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டவள்.

பொருளாதாரத்துக்கு எதற்கு இவ்வளவு கணக்கு என்று கேட்கிறீர்களா? அவள் அம்மா கடைக்கே வாருங்கள். இட்லி விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் எத்தனை பேர் பக்கத்துக் கடைக்குப் போவார்கள்? எந்த விலையில் லாபம் அதிகம்? அதைக் கண்டுபிடிக்கத்தான் நுண்கணிதம். குழுக் கடனால் வியாபாரம் பெருகியதா, அல்லது எதிரே புதிதாக பஸ் ஸ்டாப் வந்ததாலா? அதைப் பிரித்துச் சொல்லத்தான் புள்ளியியல். மூன்று வருடம் நாம் அவளுக்குக் கொடுத்தது என்ன? ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை விளக்குக’. பத்து மார்க். நோட்ஸில் இருந்ததை மனப்பாடம் செய்தாள், எழுதினாள், முதல் வகுப்பு வாங்கினாள்.

தப்பு அவள் மேல் இல்லை. பதினைந்து வயதில் பிளஸ் ஒன் வாசலில் நிறுத்தி நாம்தான் பிள்ளைகளைப் பிரிக்கிறோம். கணக்கும் அறிவியலும் எடுத்தவனுக்குப் பொருளாதாரம் கிடையாது. பொருளாதாரம் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கணக்கு கிடையாது. வணிகக் கணிதம் சேர்ந்த குரூப் ஒன்று உண்டு. அது உங்கள் ஊர்ப் பள்ளியில் இருக்கிறதா, விசாரித்துப் பாருங்கள்.

விளைவு? இன்ஜினீயரிங் முடித்த பையன் சில மாதம் பொருளாதாரப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அந்தத் தேர்வில் பாஸாகிறான். தப்பே இல்லை, ரகுராம் ராஜனே ஐ.ஐ.டி.யில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்தவர்தான். ஆனால், வட்டிக்காரர் வாசலில் வந்து கத்துவதைப் பார்த்து வளர்ந்த பெண், கடன் பற்றிப் பேசும் சபைக்குள் நுழையவே முடியவில்லை. அதுதான் தப்பு.

இப்படித்தான் எப்போதும் இருந்ததா? இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915-ல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். நோட்ஸ் கொடுத்ததோடு அவர் நிறுத்தவில்லை. கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, லீவில் சொந்த ஊருக்குப் போய்க் கணக்கெடுத்து வாருங்கள் என்று மாணவர்களை அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதி வந்தது 1918-ல் புத்தகமானது. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டும் திருநெல்வேலி கங்கைகொண்டானும் அதில் இருக்கின்றன. ஊர் எப்படி மாறியது என்று பார்க்க, 2008-லும் இருவேல்பட்டுக்கு ஆராய்ச்சியாளர்கள் போனார்கள். மாணவர்களின் லீவு வேலை, ஐயா!

இன்று பல இடங்களில் எம்.ஏ. புராஜெக்ட் எங்கே தயாராகிறது? ஜெராக்ஸ் கடையில். அட்டை மட்டும் மாற்றினால் போதும்.

‘‘அதெல்லாம் சரி, படிச்சா வேலை கிடைக்குமா?’’ என்பீர்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதவே பொருளாதாரத்தில் முதுநிலைப் பட்டம் வேண்டும். ஆனால், அதன் பாடத்திட்டத்திலும் கணிதமும் புள்ளியியலும் உட்கார்ந்திருக்கின்றன. பட்டத்தைக் கொடுத்துவிட்டுக் கணக்கைக் கொடுக்காமல் அனுப்புவது, வண்டியைக் கொடுத்துவிட்டுச் சாவியை வைத்துக்கொள்வது மாதிரி.

2021-ல் தமிழக அரசு ஐந்து பேர் கொண்ட பொருளாதார ஆலோசனைக் குழுவை அமைத்தது. ரகுராம் ராஜன், எஸ்தர் டஃப்லோ, ழான் த்ரேஸ் என்று எல்லாம் பெரிய பெயர்கள். மரியாதை உண்டு. இன்னும் இருபது வருடம் கழித்து அமைக்கும் குழுவில் உட்கார, நம் அரசுக் கல்லூரியிலிருந்து யாரைத் தயார் செய்கிறோம்?

கேட்பது இரண்டே இரண்டு. பி.ஏ. முதல் வருடத்திலேயே கணக்கை, பயமுறுத்தாமல், தமிழில் சொல்லிக் கொடுங்கள். எம்.ஏ.வில் ஒவ்வொருவரையும் சொந்தத் தெருவுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். கட்டடம் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். வாத்தியார் போதும்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது எங்கள் தெருக்கோடி ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். முதல் வாரம் அழுதாளாம். போன வாரம் இட்லிக் கடைக் கணக்கை கிராஃப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘‘அம்மா, இப்ப விலையை ஏத்தாத. நஷ்டம்’’ என்றாளாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை நாளைக்குக் கணக்கு வரவில்லை என்று வந்து நின்றால், தயவுசெய்து எகனாமிக்ஸ் எடுக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். எகனாமிக்ஸ் எடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் அதுவே முடிவு செய்யட்டும்.