கோபுரம் விழுந்த பிறகு அலைவரிசை தேட முடியாது



1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2004 சுனாமியை நம்மில் பலர் கண்ணாலேயே கண்டோம். அந்த நாட்களில் ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலை மூலம் செய்தி கொண்டுசென்றவர்கள் விக்டர் குணதிலக்க தலைமையிலான அமெச்சூர் வானொலிக்காரர்கள். அந்தமானில் அதே வேலையைப் பாரதி பிரசாத்தின் குழு செய்தது.

"அப்படியென்றால் ஒரு வானொலிப் பெட்டி வாங்கி வைத்தால் போதுமே" என்று நாம் நினைக்கலாம். போதாது. சிற்றலை வானில் உள்ள அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. பகலில் கிடைக்கும் பாதை இரவில் இல்லாமல் போகும்.

இதை அறியத்தான் வானொலி வெளிச்சவீடுகள் இருக்கின்றன. பாலமீன்மடு வெளிச்சவீடு கப்பலுக்கு வழி காட்டுவதைப் போல இவை அலைக்கு வழி காட்டுகின்றன. உலகளாவிய திட்டம் ஒன்றில் 18 நிலையங்களுக்கு இடமுண்டு. 14.100 மெகாஹேர்ட்ஸில் ஒவ்வொன்றுக்கும் 10 செக்கன், மொத்தச் சுற்று 3 நிமிடம். முதலில் அழைப்புக்குறி, பிறகு 100, 10, 1, 0.1 வாற்றில் நான்கு நீள ஒலிகள். கடைசி ஒலியும் கேட்டால் பாதை நன்றாக இருக்கிறது என்று பொருள். நம் நாட்டுக்குரிய அழைப்புக்குறி 4எஸ்7பி.

வேடிக்கை என்னவென்றால், இந்த அலைவரிசையில் கென்யா நமக்குக் கேட்கலாம்; கொழும்பு நம் தலைக்கு மேலால் தாண்டிப் போய்விடலாம். நமக்கு வேண்டியதோ கொழும்பு. அதற்கு 7 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை வேண்டும். எந்த மணிக்கு எது கேட்கும் என்பதை முன்கூட்டியே சோதித்துக் குறித்து வைத்தவருக்குத்தான் தெரியும்.

ஆகவே நமது கருத்து இதுதான்: செங்கலடியில் நமக்கென்று ஒரு சிறிய வெளிச்சவீடு வேண்டும். நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட 'விஸ்பர்' முறைக்கு 0.2 வாற்று போதும். சிறிய டோர்ச் விளக்கு இதைவிடக் கூடுதலாகச் சக்தி குடிக்கும். இரண்டு தென்னைகளுக்கு நடுவே 20 மீற்றர் கம்பி, ஒரு சிறு சுற்று, நேரம் தவறாமலிருக்க ஜிபிஎஸ், பிற அலைவரிசைகளைக் குழப்பாமலிருக்க ஒரு வடிப்பான். முதற் சோதனையைக் கம்பியில் கொடுக்காமல், மின்தடையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒலிபரப்பவே கூடாது. போர்க்காலத்தில் வோக்கிடோக்கி என்ற சொல்லுக்கே பயந்த ஊர் இது. அந்தப் பயம் போக வேண்டுமானால் எல்லாம் சட்டப்படி, பகிரங்கமாக நடக்க வேண்டும்.

கேட்பதிலிருந்து தொடங்குவோம். இணையத்தில் உள்ள பொது வாங்கிகள் மூலம் கைத்தொலைபேசியிலேயே இந்த ஒலிகளைக் கேட்கலாம். தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளும் முஸ்லிம் பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே கொப்பியில் குறிக்கட்டும். டியூஷனுக்குப் போகும் மாலைகளில் ஒன்றை மட்டும் பெற்றோர் இதற்கு விட்டுத் தாருங்கள்.

அடுத்த புயல் வரும் நாளில் அந்தக் கொப்பி நம் கையில் இருக்க வேண்டும். பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் எடுக்க விரும்பும் இளைஞர்கள் யார்? கீழே பெயரைச் சொல்லுங்கள்.