நாவை விற்றவர், கையை விற்காதவர்

பண்ணைப்புரத்தைச் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் முல்லைப் பெரியாற்று நீரை நம்பி வாழ்கின்றன. அந்நீருரிமைக்கு அடிப்படை 1886-இல் எழுதப்பெற்ற ஒப்பந்தம். 999 ஆண்டுக்கு உரிய அவ்வாவணம் ஆங்கிலத்தில் உள்ளது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியப் பண்ணைப்புரத்து உழவனுக்கு ஓர் இடையாள் வேண்டும். ஆள்வோன் மொழிக்கும் ஆளப்படுவோன் மொழிக்கும் நடுவே நிற்கும் அவ்விடையாளுக்கு முன்னாளில் துபாசி என்று பெயர். இருமொழியாளன் என்பதே பொருள், அப்பெயரும் அயற்சொல்லே!

துபாசியருள் தலைசிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த அவர், 1747-இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்குத் தலைமைத் துபாசியானார். முகலாயப் பேரரசு நொறுங்கிக்கொண்டிருந்த காலம் அது. நவாபுகளும் நிசாம்களும் அரியணைக்காகப் பொருதனர்; பிரெஞ்சியரும் ஆங்கிலேயரும் ஆளுக்கொரு பக்கம் நின்று நாட்டைப் பங்கிட முனைந்தனர். வந்த மடலின் பொருளுரைப்பதும், விடை எழுதுவிப்பதும், தூதரோடு பேசுவதும் பிள்ளையின் வழியே நடந்தன.

செல்வாக்கு இவ்வளவு, உரிமை எவ்வளவு? அவருக்கு முன் அதே பொறுப்பிலிருந்த உறவினர் நைனியப்பப் பிள்ளை, பிரெஞ்சியர் சிறையிலேயே 1717-இல் மாண்டார். 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, பிரெஞ்சியர் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தனர். தலைமைத் துபாசியால் அதைத் தடுக்க முடியவில்லை; நாட்குறிப்பில் எழுதி வைக்கத்தான் முடிந்தது. 1754-இல் துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1756-இல் பிள்ளையின் பொறுப்பும் பறிபோயிற்று. 1761 சனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்னர், அவர் மறைந்தார்.

நாவை அயலானுக்கு விற்றவர், கையை விற்கவில்லை. 1736 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் தம் நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார். அந்நடை தூயதன்று, உருதும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் அதில் மிடைந்து கிடக்கின்றன. மொழிக் கலப்பு எவ்வளவு ஆழமாக ஊடுருவியிருந்தது என்பதற்கு அதுவே சான்று. எனினும் துய்ப்ளேவின் பேரரசுக் கனவு அழிந்தது. தமிழ் ஏடு நின்றது.

அவ்வேட்டுக்கு நேர்ந்ததைத் தமிழன் எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ் மூலமோ 1948-இலிருந்துதான் புதுச்சேரியில் தொகுதி தொகுதியாக அச்சேறியது. தமிழன் எழுதியதை ஆங்கிலன் முதலில் படித்தான், தமிழன் காத்திருந்தான்!

அக்காத்திருப்பு முடிந்துவிடவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ் வழக்கு மொழியாக வேண்டுமெனத் தமிழகச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றியது. இராசசுத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர்நீதிமன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. தமிழுக்கு நடுவணரசு இசையவில்லை. தன் நிலத்தைப் பற்றிய வழக்காடலைத் தன் காதால் கேட்டும் உழவன் விளங்காது நிற்கிறான். துபாசியின் பெயர் மாறியது, தேவை மாறவில்லை.

ஆனந்தரங்கரின் கூர்மதியைப் போற்றலாம். துபாசி இன்றித் தன் நாட்டு மன்றத்தில் தமிழன் பேச இயலாத நிலையைப் போற்றுவதற்கில்லை. சொந்த மண்ணில் சொந்த மொழிக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படும்வரை, விடுதலை என்பது பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளும் செய்தியே!