உள்ளங்கையில் ஒரு கறை

உள்ளங்கையில் மை சிந்தியதுபோல ஒரு கபில நிறக் கறை. நோவில்லை, சவர்க்காரமிட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. சில கிழமைகளிற் சிறிது பரந்தும் விடுகின்றது. இதனைக் காணும் வைத்தியர் முதலில் ஐயுறுவது 'மெலனோமா' என்னும் கொடிய தோற்புற்றுநோயையே. ஐயுறுவதும் முறையே. ஆயினும், அதே தோற்றத்துடன் வரும் அரியதொரு பங்கசு நோயும் உண்டு. 'ரீனியா நைகிரா' என்பது அதன் பெயர். கரும்படை என நாம் வழங்கலாம். இதைப் புற்றென மயங்கித் தோலை வெட்டியெடுத்த செய்திகள் வைத்திய ஏடுகளிற் பலமுறை பதிவாகியுள்ளன.

பிரேசில் நாட்டின் பாகியாவில் 1891 ஆம் ஆண்டு செர்க்கேரா என்னும் வைத்தியர் இந்நோயை இனங்கண்டார். 1921 இல் ஓர்த்தா என்பவர் அதன் பங்கசுக்குப் பெயரிட்டார். இன்று 'ஓர்த்தேயா' என அவர் பெயரே பங்கசுக்கு வழங்குகின்றது. உப்பளங்களிலும் கடற்கரைகளிலும் வாழும் இது, வெப்பநாட்டுக் கரையோரங்களில் இளையோரையே பெரும்பாலும் பற்றும்.

இனி நுணுக்குக்காட்டியிடம் செல்வோம். கறையின் மேற்றோலைக் கத்தி விளிம்பால் மெல்லச் சுரண்டி, அத்துகள்களைக் கண்ணாடி வழுக்கியில் இட்டு, நூற்றுக்கு 10 முதல் 20 வீதமான பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசலில் ஒரு துளி விட்டு மூடுவர். பின் சில நிமிடம் காத்திருத்தல் வேண்டும். பொறுமையற்ற மாணவன் இடறுமிடம் இதுவே. காரம் தோற்செதில்களை இளக்கித் தெளிவாக்குமுன் நோக்கினால் மங்கலான செதிற் குவியலன்றி வேறெதுவும் புலப்படாது. பங்கசின் சுவரோ அக்காரத்துக்கு எளிதில் இளகாது. ஆதலால், தெளிந்த பரப்பில் குறுக்குச் சுவர்களுடன் கிளைத்தோடும் கபில நிற இழைகளும், இடையிடையே இரட்டைக் கலங்களும் தோன்றுகின்றன. சாதாரண படர்தாமரையின் இழைகள் நிறமற்றவை. அவற்றைத் தேடிக் கண் சலிக்கும். இவையோ சாயமின்றியே துலங்குவன.

இவ்விழைகளுக்கு நிறந்தருவதும் மெலனினே. மெலனோமாவைக் கறுக்கச் செய்வதும் மெலனினே. வெறுங்கண் ஏமாறுவதில் வியப்பென்ன? ஆனால், பங்கசு உயிரற்ற மேற்படையுடன் நின்றுவிடும். புற்றோ உயிர்க் கலங்களிற் பிறந்து ஆழத்துக்கு இறங்கும்.

இழை தென்பட்டாற் கத்திக்கு வேலையில்லை. சலிசிலிக்கமிலங் கலந்த களிம்போ பங்கசுகொல்லிக் களிம்போ சில கிழமை பூச, கறை உதிர்ந்துவிடும். பரிசோதனைக்குச் சுரண்டியதிலேயே பாதி நீங்கிவிடுவதும் உண்டு. இழை தென்படாவிடின், வீட்டிலுள்ள பூச்சுமருந்துகளை நாடி நாட்களைக் கடத்தாது, தோல் வைத்திய நிபுணரிடம் உடனே செல்லல் வேண்டும்.