குரலும் மின்சாரமும்

மொழி முதலில் செவி வழியாகவே மனிதனுள் புகுகின்றது. கண் வழியாகப் புகுவது அதன் பின்னரே. திருக்குறளில் கல்வி, கல்லாமை எனும் அதிகாரங்களுக்குப் பின்னே, நாற்பத்திரண்டாம் அதிகாரமாகக் 'கேள்வி' நிற்பது காரணமின்றி அன்று. கற்க வாய்ப்பற்றவனும் கேட்டாவது அறிவு பெறலாம் என்பது வள்ளுவர் துணிபு. புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்து, தமிழைப் பேச அறிந்தும் வாசிக்கத் திணறும் எமது மாணவச் செல்வங்களை நோக்கும்போது, அந்த அதிகாரம் இவர்களுக்காகவே எழுதப்பட்டதோ என எண்ணத் தோன்றுகின்றது.

சென்ற குளிர்காலத்தில் நாம் மேற்கொண்ட ஒரு சிறு முயற்சியையும், அதனால் எம்முள் உறுதிபெற்ற ஒரு கருத்தையும் பெற்றோர் முன் வைக்க விழைகின்றோம். நாம் எழுதிய நாவலை எமது குரலிலேயே வாசித்து ஒலிநூலாக்கினோம் என்பது முயற்சி. ஒவ்வொரு தமிழ்ப் பெற்றோரும் தத்தம் குரலில் தமிழைப் பதிந்து பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லல் வேண்டும் என்பது கருத்து.

தாயகத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் எழுதத் தொடங்கி, டார்ம்ஸ்டாட் நகருக்கு வந்தபின் முடித்த நாவல் அது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கங்கள். இருநூறு படிகள் அச்சிட்டோம். நண்பர்கள் அன்போடு வாங்கினர், அலுமாரியில் வைத்தனர். மேல்வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் நூலைத் திருப்பிக் கொண்டுவந்து, "சேர், ஒரு பக்கம் வாசிக்க எனக்கு அரை மணித்தியாலம் போகுது. நீங்கள் வாசியுங்கோ, நான் கேட்கிறன்" என்றாள். அவள் சோம்பேறியல்லள். ஐந்து நாள் டொச் மொழியில் கற்று, ஆறாம் நாள் எம்மிடம் வருபவள். அவளைக் குறைகூற எமக்கு வாய் வரவில்லை. எமது நாவலின் வாயிற்படி அவளுக்கு உயரமாயிருந்தது. படியைத் தாழ்த்த வேண்டியவர் நாமே.

ஒலிப்பதிவுக்கு அமைதியான இடம் வேண்டும். எமது வீடோ அடுக்குமாடி. மேல்வீட்டுக் காலடி, குளிர்சாதனப் பெட்டியின் முனகல், வீதியில் ட்ராம் வண்டியின் உராய்வு ஆகிய யாவும் ஒலிவாங்கியில் விழுந்தன. இறுதியில் எமக்குக் கைகொடுத்தது, ஒருவர் பாவித்தபின் நாம் வாங்கிய சிறிய மின்சாரக் கார். துணிபோர்த்த இருக்கைகள் எதிரொலியை உண்டுவிடும். கண்ணாடிகளில் போர்வையைத் தொங்கவிட்டால் அதுவே ஒரு கலையகம். நிறுத்திய காரில் இயந்திரத்தை வீணே ஓடவிடுதல் ஜேர்மனியில் வீதிச் சட்டத்துக்கு மாறானது. அன்றியும் அதன் இரைச்சலில் எதைப் பதிவது? மின்சாரக் காரிலோ, பத்து நிமிடம் உள்ளே சூடேற்றி, விசிறியை நிறுத்தி, கை விறைக்கும்வரை வாசிக்கலாம். மின்னேற்றம் நடைபெறும் வேளையில் மட்டும் அதன் வயிற்றில் ஒரு மெல்லிய இரைச்சல் எழும். ஆதலால் மின்னேறி முடிந்த பின்னரே வாசிப்போம். பக்கத்துக்கு இரண்டரை நிமிடமாக நாவல் எட்டு மணித்தியாலத்தில் அடங்கியது. ஆயின் தவறிய வரிகளைத் திரும்ப வாசித்து, இருமலையும் பெருமூச்சையும் நீக்கி முடிக்க, அதைப்போல மும்மடங்கு நேரம் சென்றது.

காரில் அமர்ந்து வாசிக்கையில் எமது நினைவு அடிக்கடி யாழ்ப்பாணத்துக்குச் சென்றது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. பழைய ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் புகைகக்கி ஓடிய காலம் அது. வானொலி கேட்பதற்குத் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு அழுத்தி, மிதியைக் கையாற் சுற்றுவோம். எமது வீட்டில் சுற்றுபவர் ஐயா. அவர் கை சோர்ந்தால் வானொலியின் குரலும் சோரும். அவர் மூச்சுப் பிடித்துச் சுற்றினால் குரல் நிமிரும். இலண்டனிலிருந்து வந்த தமிழோசையை நாம் அவ்வாறுதான் கேட்டோம். ஒரு குரலைக் கேட்பதற்கு ஒருவர் வியர்வை சிந்தவேண்டும் என்பதைப் பத்து வயதிலேயே கற்றோம்.

அந்த ஐயாவின் நிழற்படங்கள் எம்மிடம் மூன்று உள. குரல் ஒன்றுமில்லை. முன்னரே ஜேர்மனிக்கு வந்துவிட்ட எமது தமையனாருக்குக் கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாவில் பேசி அனுப்பியிருந்தார் ஐயா. அகதி முகாமில் புதிய ஒலிநாடா வாங்க வழியற்ற நாளொன்றில், அதன்மேல் சினிமாப் பாடல்களைப் பதிந்துவிட்டார் தமையனார். அதைச் சொல்லி அவர் இன்றும் வருந்துவார். அவரை நோவதற்கில்லை, ஐயா எந்நாளும் இருப்பார் என்றல்லவா அன்று நாம் அனைவரும் நம்பியிருந்தோம்!

குரலைப் பேணும் கலையும் மின்சாரக் கலையும் இந்நாட்டுக்கு அந்நியமானவையல்ல. எமது நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேதான் 1882 ஆம் ஆண்டில் உலகின் முதலாவது மின்பொறியியற் பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. அதனை ஏற்றவர் எராஸ்முஸ் கிற்லர். எடிசன் 1877 இல் மனிதக் குரலைத் தகரத் தாளில் பதித்தார். தட்டையான இசைத்தட்டைத் தந்த எமில் பேர்லினர், ஹனோவரில் பிறந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர்.

தம் நாவலைத் தாமே வாசித்தவர்களுள் குந்தர் கிராஸ் எமக்கு நெருக்கமானவர். டான்சிக் நகரில் பிறந்து, போரினால் அவ்வூரை இழந்து, இழந்த ஊரையே 1959 இல் 'தகர முரசு' எனும் நாவலாக்கியவர் அவர். 1965 இல் எமது டார்ம்ஸ்டாட் நகரில் வழங்கப்பெறும் கியோர்க் பியூக்னர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பெரும் நாவல் முழுவதையும் அவர் தம் குரலிலேயே வாசித்துப் பதிந்துவிட்டே 2015 இல் மறைந்தார். அப்பரிசுக்குப் பெயர் தந்த பியூக்னரும் இந்நகரில் வளர்ந்து, 1835 இல் கைதுக்கு அஞ்சி ஸ்ற்றாஸ்பூர்க்குக்குத் தப்பியோடிய அகதியே. இருபத்து மூன்று வயதில் சூரிச்சில் இறந்த அவருடைய குரல் எவ்வாறிருந்தது என்பதை எவரும் அறியார். அவர் காலத்தில் அதற்குக் கருவியில்லை. எமக்கோ கைத்தொலைபேசி ஒவ்வொரு சட்டைப்பையிலும் கிடக்கின்றது.

எமது முயற்சியைக் கேள்வியுற்ற நண்பர்கள் சில மறுப்புகளைக் கூறினர். அவற்றைத் தட்டிக்கழித்தல் முறையன்று.

கேட்டுப் பழகிய பிள்ளை வாசிக்கமாட்டாது என்றார் ஒருவர். நூலை மூடிவைத்துக் கேட்டால் அது உண்மையாகலாம். ஆகவே நாம் வகுப்பில் நூலைத் திறந்துவைத்து, ஒலிக்கும் சொல்லின்கீழ் விரலை ஓட்டிக்கொண்டே கேட்கச் செய்கின்றோம். முதலாம் அத்தியாயத்தில் விரல் தடுமாறியது. ஆறாம் அத்தியாயத்தில் அந்த மாணவியின் விரல் எமது குரலை முந்தியது. வாசிப்பின் பகையன்று கேள்வி, அதன் கைத்தடி.

இயந்திரமே இப்போது தமிழ் வாசிக்கின்றதே, நீர் ஏன் குளிரில் விறைக்கின்றீர் என்றார் மற்றொருவர். இயந்திரம் வாசிப்பதும் நாளுக்கு நாள் திருந்துவதும் மெய். ஆயினும் 'பாவம்' என்று எழுதியிருப்பது இரக்கமா, தீவினையா, நடிகனின் முகக்குறிப்பா என்பதைப் பொருளறிந்தவனே பிரித்தொலிப்பான். றகரமும் னகரமும் நாநுனி அண்ணத்தைத் தொடப் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். 'காற்று', 'நேற்று' எனும் சொற்களில் யாழ்ப்பாணத்து நா அவ்விடத்தை இன்றும் தவறாது தொடுகின்றது. எமது நாவலில் கதைசொல்லி இலக்கியத் தமிழிலும், பாத்திரங்கள் ஊர்த் தமிழிலும் பேசுவர். அந்த ஊர்த் தமிழை அவ்வூர் நாவன்றி எது சொல்லும்? மட்டக்களப்பாருக்கும் மலையகத்தாருக்கும் மதுரையாருக்கும் இஃதே பொருந்தும்.

மின்சாரக் கார் அகதிக்கு ஏற்ற ஆடம்பரமோ என்பாரும் உளர். அது புனிதப் பொருள் என நாம் வாதிடோம். அதன் மின்கலத்துக்கு வேண்டிய கனிமங்களைத் தோண்டுவதில் துன்பமுண்டு. குளிர்காலத்தில் அது செல்லும் தூரமும் குறையும். ஆயினும் இந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்டது 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் காற்று, கதிரவன் முதலியவற்றிலிருந்தே பெறப்பட்டது. மண்ணெண்ணெய்ப் புகையில் இருமி வளர்ந்த எமக்கு, புகையற்ற வண்டி ஆடம்பரமாகத் தோன்றவில்லை. ஆயின் பதிவுக்கு அது இன்றியமையாததும் அன்று. உடுப்பு அலுமாரியைத் திறந்து, அதன்முன் அமர்ந்து வாசிப்பினும் போதும்.

ஒருநாள் நாவலின் பதினோராம் அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். குண்டுவீச்சு விமானம் வரும் ஓசைகேட்டுத் தாயொருத்தி பிள்ளைகளைப் பதுங்குகுழிக்கு இழுக்கும் இடம். அவ்வேளை பிராங்க்பூர்ட் நோக்கிப் பயணிகள் விமானமொன்று தாழப் பறந்தது. எமது குரல் ஒரு கணம் நின்றது. அத்தடத்தை அழித்துவிட எண்ணினோம். பின்னர் அவ்வாறே விட்டுவிட்டோம். அந்த மாணவி அதைக் கேட்டுவிட்டு, "சேர், அந்த இடத்தில் நீங்கள் ஏன் நிப்பாட்டினீங்கள்?" என வினவினாள். அச்சிட்ட பக்கத்தில் அந்த இடைவெளி இல்லை. அவள் கேட்டதனால் நாம் சொன்னோம். எமது பிள்ளைகளுக்கே அதுவரை சொல்லியிராதவற்றைச் சொன்னோம்.

நூல்கள் எரியக்கூடியவை என்பதை இரு ஊர்களும் அறியும். 1944 செப்ரெம்பர் 11 ஆம் நாள் இரவு விழுந்த குண்டுகளில் டார்ம்ஸ்டாட் நகரம் எரிந்தபோது, அரண்மனையிலிருந்த நூலகம் தன் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டது. குரலும் அழியக்கூடியதே; எமது ஒலிநாடாவே சான்று. ஆதலால் பதிவு எதுவாயினும் இரு படிகளாக, இரு வேறு இடங்களில் இருத்தல் வேண்டும். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் திரட்டிவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றுக்கும் வழங்கலாம்.

நாவல் எழுதியவர் மட்டுமே பதியவேண்டும் என்பதில்லை. அம்மம்மா தோசைமாவுக்குப் பதம் சொல்வதும், அப்பப்பா தம் பள்ளிக்காலத்தைக் கூறுவதும் இலக்கியமே. வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும். தொடக்கத்தில் பேசுபவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைச் சொல்லச் செய்க. இடையில் அழுதால் பதிவை நிறுத்தற்க, சிரித்தாலும் நிறுத்தற்க. வரும் ஆண்டிலே எமது மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரின் குரலைப் பதிந்துவருதலைப் பாடத்தின் ஒரு பகுதியாக்கலாம் எனப் பள்ளி நிர்வாகத்தையும் வேண்டுகின்றோம்.

ஒன்று கூறி முடிப்போம். மின்சாரக் கார் ஓசையின்றி வருவதனால், வீதியைக் கடப்போருக்கு, குறிப்பாகக் கண்பார்வையற்றோருக்கு, ஆபத்து என உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், மெதுவாகச் செல்கையில் அது செயற்கையாகவேனும் ஒலியெழுப்ப வேண்டும் என விதித்தது. 2021 யூலை முதல் புதிய மின்சாரக் கார்கள் அனைத்துக்கும் அவ்விதி உண்டு. ஓசையற்றது அருகில் இருப்பினும், இருப்பது எவருக்கும் தெரியாது. தமிழ் வீடுகளிலும் தமிழ் அவ்வாறு ஓசையின்றி இருந்துவிடலாகாது. பெற்றோர்களே, உங்கள் குரல் கரகரத்தாலும், வாசிப்புத் தடுமாறினாலும் நாணற்க. ஐயாவின் கை சோர்ந்தபோது வானொலி மங்கியதேயன்றி, கேட்பதை நாம் நிறுத்தவில்லை. உங்கள் பிள்ளைகளும் நிறுத்தமாட்டார்கள். இன்றிரவே தொடங்குங்கள்.