பத்து ரூபாய் நோட்டும் ஒரு நூலும்

 

சென்ற மாதம் திண்டிவனத்தில், எங்கள் மக்தபில் ஓதும் பிள்ளைகள் இருவர் ஒரு படம் எடுத்தார்கள். கைப்பேசியில் எடுத்த, ஒரு நிமிடம்கூட ஓடாத படம். பத்து ரூபாய் நோட்டு ஒன்றில் மெல்லிய நூலைக் கட்டித் தெருவில் போட்டுவிட்டு, ஒருவன் திண்ணை மறைவில் நூல் முனையைப் பிடித்துக்கொண்டான். மற்றவன் படம் பிடித்தான். அஸர் தொழுகை முடிந்து அவ்வழியே வந்த எங்கள் மோதினார் நோட்டைக் கண்டு குனிந்தார். அது நகர்ந்தது. இரண்டடி நடந்து மீண்டும் குனிந்தார். மீண்டும் நகர்ந்தது. மூன்றாம் முறை முழங்காலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அவர் குனிந்தபோது, தலையிலிருந்த தொப்பி கழன்று மண்ணில் விழுந்தது. படத்திற்குப் பிள்ளைகள் சூட்டிய பெயர் ‘பேராசை’.

ஜமாஅத் பெரியவர் ஒருவர் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ‘பாருங்கள் ஹஜ்ரத், நீங்கள் ஓதிக்கொடுக்கும் லட்சணத்தை’ என்றார். நானும் பார்த்தேன். தொப்பி விழுந்த இடத்தில் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை மறைத்துவிட்டு உங்களுக்கு உபதேசம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

விழுபவரைக் கண்டு சிரிப்பது இன்று நேற்று வந்த வழக்கமன்று. திரைப்படம் என்னும் கலை பிறந்த 1895ஆம் ஆண்டிலேயே, பிரான்ஸ் நாட்டு லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்களுள் ஒன்று இத்தகைய குறும்புதான். தோட்டக்காரர் ஒருவர் குழாயால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். பின்னால் வரும் சிறுவன் குழாயை மிதித்துத் தண்ணீரை நிறுத்துவான். என்னவாயிற்று என்று அவர் குழாயின் வாயை எட்டிப் பார்க்கும் நேரத்தில் காலை எடுத்துவிடுவான். முகமெல்லாம் தண்ணீர்! ஆனால் கதை அங்கே முடிவதில்லை. அவர் சிறுவனை விரட்டிப் பிடித்து இரண்டு அடி கொடுத்த பிறகே முடியும். ஒரு நிமிடத்திற்கும் குறைவான அந்தப் படத்திலேயே கணக்குத் தீர்க்கப்பட்டுவிட்டது.

நம் பகுதியின் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும். அவன் பேச்சில் கொச்சை உண்டு. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்குக்கூட உண்டு. அவன் அடியும் படுவான். அதே நாவால், கிரீடம் தரித்து நிற்கும் ராஜாவையும் கேலி செய்வான். விடிய விடிய ஊரே சிரிக்கும். தெருவில் போகிற கிழவரைப் பிடித்து இழுத்து அவன் சிரிக்க வைப்பதில்லை. தன்னையே பொருளாக வைத்துச் சிரிக்க வைக்கிறான்.

மேனாட்டு ஊமைப்படக் கலைஞர்களும் இந்த இனத்தவரே. ஹரால்ட் லாயிட் என்பவர் 1919இல் புகைப்படத்திற்காகக் கையில் பிடித்த போலி வெடிகுண்டு உண்மையாகவே வெடித்ததால் வலக்கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தார். அந்தக் கையோடுதான் 1923இல் கட்டடத்து உச்சிக் கடிகாரத்தின் முள்ளைப் பிடித்துத் தொங்கி உலகையே சிரிக்க வைத்தார். பஸ்டர் கீட்டன் 1924இல் ஒரு படக்காட்சியில் தண்ணீர்க் குழாயின் வேகத்தால் தண்டவாளத்தில் விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்த செய்தி பல ஆண்டுகளுக்குப் பின்னரே மருத்துவச் சோதனையில் தெரிந்தது. சிரித்தது மக்கள், விலை கொடுத்தது அவர்கள் உடம்பு.

தமிழ்ப் படத்திற்கு வருவோம். 1989இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியை அறியாதவர் நம்மில் எத்தனை பேர்? வீட்டாருக்குத் தெரியாமல் பார்த்த பாவத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். கவுண்டமணி உதைக்க, செந்தில் உதைபட, நாடே சிரித்தது. அவ்வுதை இருவரும் பேசி வைத்துக்கொண்ட நடிப்பு. அதில் எனக்கு வழக்கில்லை. வழக்கு அந்த வகைப் படங்களில் உதையோடு சேர்ந்து வந்த சொற்களின் மீதுதான். கறுப்பு, வழுக்கை, பருமன் என்று உடம்பைச் சுட்டும் வசைகள் நடிகரோடு நிற்கவில்லை. அவை கொட்டகையைவிட்டு வெளியே வந்து, அதே நிறமும் அதே தலையும் கொண்ட பிள்ளைகளின் பட்டப்பெயர்களாகப் பள்ளிக்கூடங்களில் குடியேறின.

வடிவேலுவின் கதை இன்னும் விநோதமானது. நான் கல்லூரியை முடித்த 2001இல் வந்தது ‘ஃப்ரண்ட்ஸ்’. அதில் அவர் நேசமணி என்னும் வண்ணப்பூச்சுக் காண்டிராக்டர். மேலிருந்து தவறும் சுத்தியல் அவர் தலையில் விழும். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதத்தில், ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு ‘உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்?’ என்று முகநூலில் யாரோ கேட்க, தமிழர் ஒருவர் நேசமணியின் தலையில் விழுந்த கதையைச் சொல்லப்போக, நேசமணி நலம்பெறப் பிரார்த்திக்குமாறு உலகமெங்கும் வேடிக்கையாகச் செய்தி பரவியது. இல்லாத மனிதர் ஒருவரின் தலைக்காயத்திற்கு அத்தனை பேர் ‘பிரார்த்தனை’! எனக்கும் சிரிப்பு வந்தது. எவர் மனமும் நோகாத சிரிப்பு அது.

ஆனால் இதே காலத்தில் வேறொரு வகையும் வளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ‘ஜாக்காஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. இளைஞர் சிலர் தங்கள் உடம்பையே பணயம் வைத்து முட்டாள்தனமான சாகசங்கள் புரிவதும், ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதும், தெருவில் போவோரை ஏய்ப்பதுமே அதன் சரக்கு. 2002 முதல் திரைப்படங்களாகவும் வந்து பணம் குவித்தது. ‘யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள்’ என்ற எச்சரிக்கை இருந்தும், 2001இல் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அதைப் பார்த்து நெருப்போடு விளையாடிக் கடுமையாக வெந்துபோனான். அத்தொடரின் நாயகரோ, 2022இல் வந்த படத்திற்காகக் காளையால் தூக்கியெறியப்பட்டு மூளையில் இரத்தக் கசிவுக்கு ஆளானார். நேற்றைய அடிக்குச் சிரித்தவன் இன்று அதே அடிக்குச் சிரிப்பதில்லை. அதைவிடப் பெரிய அடி கேட்கிறான். இவ்வகை நகைச்சுவையின் நோய் இது.

உடம்பைப் பணயம் வைப்பவராவது தம் உடம்பை வைக்கிறார். நம் ஊர்களில் ‘பிராங்க்’ என்ற பெயரில் பரவியிருப்பதோ பிறரின் அச்சத்தை வைத்து ஆடும் சூதாட்டம். பூங்காவில் அமர்ந்திருப்பவர், பேருந்துக்கு நிற்கும் பெண், தள்ளுவண்டிக்காரர் – இவர்களை யார் கேட்டார்கள்? சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் டிக்டாக் வழக்கை விசாரித்தபோது, ஒருவரை அதிர்ச்சிக்குள்ளாக்கிக் கேலிப் பொருளாக்குவது அவரது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று கூறியது. கோவை மாநகரக் காவல்துறையும் 2022இல் இத்தகைய படம் எடுப்போரை எச்சரித்தது. டிக்டாக் 2020இல் தடைசெய்யப்பட்டது, பழக்கம் தடைசெய்யப்படவில்லை.

நீதிமன்றம் இன்று சொன்னது நமக்குப் புதிதன்று. அபூதாவூதில் ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்களுடன் பயணம் சென்ற தோழர்களுள் ஒருவர் உறங்கிவிட்டார். மற்றொருவர் அவரிடமிருந்த கயிற்றைப் போய் எடுத்தார். விழித்தவர் திடுக்கிட்டார். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகுமானதன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கினார்கள். அங்கே கயிறு, எங்கள் தெருவில் நூல்.

நாயகம் (ஸல்) அவர்கள் விளையாடவே இல்லையா என்று கேட்பீர்கள். விளையாடினார்கள். ஸாஹிர் (ரலி) என்னும் கிராமத்துத் தோழர், தோற்றத்தில் அழகற்றவர், கடைத்தெருவில் பொருள் விற்றுக்கொண்டிருந்தார். அண்ணலார் ஓசையின்றிப் பின்னால் சென்று அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ‘யாரது, விடு!’ என்று திமிறியவர், யாரென்று அறிந்ததும் தம் முதுகை அந்த நெஞ்சோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். இந்த அடிமையை வாங்குவார் யார் என்று அண்ணலார் வேடிக்கையாகக் கூவ, நான் விலைபோகாத சரக்காயிற்றே என்றார் ஸாஹிர். அல்லாஹ்விடத்தில் நீர் மலிவானவர் அல்லர் என்று பதில் வந்தது. அஹ்மதிலும் திர்மிதீ இமாமின் ஷமாயிலிலும் இதைக் காணலாம். இதுவும் பின்னாலிருந்து வந்து பிடித்த குறும்புதான். முடியும்போது, பிடிபட்டவர் அக்கடைத்தெருவிலேயே உயர்ந்த மனிதராக நின்றார்.

எங்கள் மோதினார் எப்படி நின்றார் என்று பார்ப்போம். நான் சென்று கேட்டபோது, ‘விடுங்கள் ஹஜ்ரத், பிள்ளைகள்தாமே’ என்றார். சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: கடைக்கு அனுப்பப்பட்ட குழந்தை ஏதோ காசைத் தவறவிட்டிருக்கும், வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் அடிவிழும், காற்று நோட்டைச் சாக்கடைக்குத் தள்ளிவிடுமுன் எடுத்துவைத்து மஃரிபுக்குப் பின் விசாரிக்கலாம் என்று நினைத்தாராம். அதற்காகத்தான் மூன்று முறை குனிந்திருக்கிறார். படத்தில் இது இல்லை. படத்தில் இருப்பது ‘பேராசை’.

படம் அதற்குள் விழுப்புரத்திற்குப் போய்விட்டது. அவருடைய மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறார். மாமியார் வீட்டில் அதைப் பார்த்தவர்கள் ஏதோ சொல்ல, மகள் தொலைபேசியில் அழுதிருக்கிறாள். அதை மட்டும் மோதினார் என்னிடம் சொல்லவில்லை. அவர் மனைவி சொல்லியனுப்பினார்.

பெற்றோரிடம் அனுமதி கேட்டுப் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு விழுப்புரம் பேருந்தில் ஏறினேன். கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை. முன்னிருக்கையில் ஒருவர் கைப்பேசியில் வடிவேலு காட்சி ஒன்றை உரக்க ஓடவிட்டிருந்தார். பிள்ளைகளின் உதடு துடித்தது. என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. விக்கிரவாண்டி வரை மூவரும் சிரித்துக்கொண்டே போனோம்.

அந்த வீட்டில் நான் பேசவில்லை. பிள்ளைகளே பேசினார்கள். நூல் கட்டியதையும், பெயர் வைத்ததையும், மோதினார் எதற்காகக் குனிந்தார் என்பதையும் பெரியவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்லி முடித்தான். மாமியார் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து சென்று தேநீர் கொண்டுவந்து வைத்தார். கதவோரம் நின்றிருந்த மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய மகன், ஆறேழு வயதிருக்கும், மெல்ல வந்து பெரியவனின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

‘அண்ணே, அந்த நூல் மட்டும் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது?’ என்று கேட்டான்.

பெரியவன் என்னைப் பார்த்தான். நான் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.